பாதி நிரப்பிய சைலேஜ் குழிக்குள் இறங்கலாமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் 6 கறவை மாடு வைத்திருக்கிறேன். சைலேஜுக்காக (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் பசுந்தீவனம்) எட்டடி ஆழக் குழி வெட்டி மக்காச்சோளத் தட்டை நறுக்கிப் போட்டு மிதித்தோம். ஆள் கிடைக்காமல் பாதியில் நின்று மூன்று நாள் ஆகிறது, தார்பாய் போட்டு மூடியிருக்கிறேன். காலையில் ஓரத்தைத் தூக்கினால் மஞ்சளாகப் புகை மாதிரி தெரிந்தது, பிளீச்சிங் பவுடர் நெடி. எட்டிப் பார்த்த பையன் இருமிக்கொண்டே இருக்கிறான். இறங்கி மிதித்துவிட்டு மீதியைக் கொட்டலாமா?

பதில்: இறங்காதீர்கள், யாரையும் இறக்கவும் வேண்டாம். முதலில் பையனை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சைலேஜ் குழியில் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற விஷ வாயுவை (நீங்கள் பார்த்த மஞ்சள் புகை அதுதான்) சுவாசித்தான் என்று டாக்டரிடம் அதே பெயரைச் சொல்லுங்கள். இப்போது இருமல் நின்று நன்றாக இருக்கிற மாதிரி தெரியலாம், ஆனால் பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். சில பேருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடத் திரும்பி வரும்.

தட்டையில் இருக்கும் நைட்ரேட்தான் இந்த வாயுவாக மாறுகிறது. யூரியா தாராளமாகப் போட்ட பயிர், வறட்சியில் வாடிக் கிடந்து மழை பெய்ததும் அவசரமாக அறுத்த பயிர், இதிலெல்லாம் நைட்ரேட் அதிகம், அதுவும் அடித்தண்டில்தான் நிறையத் தங்கும். போட்ட சில மணி நேரத்திலேயே வாயு கிளம்பி முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். மூன்று வாரம் வரை பயம் உண்டு. காற்றைவிடக் கனம் என்பதால் குழியிலேயே தங்கும். கூடவே கார்பன் டை ஆக்சைடும் இருக்கும், அதற்கு நிறமும் கிடையாது நெடியும் கிடையாது, ஆகவே மஞ்சள் புகை போய்விட்டது, இனி பயமில்லை என்று நினைக்கக் கூடாது.

கிணறு தூர்வாரும்போது விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அந்தச் சோதனையை இங்கே நம்பாதீர்கள். விளக்கு நன்றாக எரியும்போதும் இந்த வாயு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்கலாம். மூக்கில் ஈரத்துண்டு கட்டுவதும் வீண்.

சரி, போட்ட தீவனம்? பாதி கெட்டாலும் போகட்டும். தார்பாயைத் தொடாமல் குழியைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள், பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. கன்றுக் கொட்டகை குழிக்குப் பக்கத்தில் பள்ளத்தில் இருந்தால் கன்றுகளை வேறு இடம் மாற்றுங்கள். மூன்று வாரம் போனபின் காற்று உங்கள் முதுகில் அடிக்கிற மாதிரி, காற்று வரும் பக்கமாக நின்று தார்பாயை விலக்கி, ஜேசிபியை வைத்து மேலிருந்தே அள்ளி எடுங்கள். பூசணம் பிடித்ததை மாட்டுக்குப் போடாதீர்கள்.

யாராவது உள்ளே விழுந்துவிட்டால், இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள், தூக்க இன்னொருவர் குதிக்கவே கூடாது. 101-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள். பெரும்பாலும் இரண்டாவது உயிர் போவது காப்பாற்றப் போன அண்ணன் தம்பியோ அப்பாவோதான்.

அடுத்த முறை ஆழக் குழியே வேண்டாம். 6 மாட்டுக்கு சைலேஜ் பை தாராளமாகப் போதும், பிளாஸ்டிக் டிரம்மிலும் போடலாம். அடியில் ஒரு சாண் விட்டு அறுத்து, ஆள் ஏற்பாடு செய்துகொண்டு ஒரே மூச்சில் நிரப்பி மூடிவிடுங்கள்.