வியட்நாமின் நின் பின் பகுதியை ஹனோயிலிருந்து ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாமா?

வரலாம். ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரண்டு விதமாகவும் போய் வந்தவன் நான்.

முதல் தடவை ஹனோயிலிருந்து ஒருநாள் டூரில் போனேன். காலையில் பஸ், ஒரு கோயிலில் முக்கால் மணி நேரம், பஃபே சாப்பாடு, உச்சி வெயிலில் படகு, மறுபடியும் பஸ். குகை வாசலில் எங்கள் படகு முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் மற்ற படகுகளுக்கு நடுவில் நின்றது. மலைகள் அழகுதான், ஆனால் மனதில் எதுவும் தங்கவில்லை. அந்தக் குறை உறுத்திக்கொண்டே இருந்ததால், இரண்டாவது தடவை மே மாதக் கடைசியில் அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் மூன்று இரவு தங்கினேன்.

ஹனோயிலிருந்து தெற்கே 100 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ரயிலில் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. நின் பின் நகரத்தில் தங்காதீர்கள், டாம் கோக் கிராமத்தில் ஹோம்ஸ்டே எடுங்கள். ஜன்னலைத் திறந்தால் வயல், வயலுக்கு அந்தப் பக்கம் செங்குத்தாகச் சுண்ணாம்புப் பாறை மலை.

டாம் கோக் என்றால் மூன்று குகைகள் என்று பொருள். நோ டோங் ஆறு மூன்று மலைகளை அடியிலேயே துளைத்துக்கொண்டு போகிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிவிடும். சுண்ணாம்புக் கல்லுக்கு அது போதும். விரிசல் விரிசலாகக் கரைத்து, லட்சக்கணக்கான வருடங்களில் மலையைத் தனித்தனித் தூண்களாகப் பிரித்து, அடியில் ஆற்றுக்கு வழியும் விட்டிருக்கிறது.

காலை ஏழு மணிக்குப் படகில் ஏறினோம். ஓட்டியவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு துடுப்புகளையும் உள்ளங்கால்களால் மிதித்து ஓட்டினார். சைக்கிள் மிதிப்பது போலத்தான், ஆனால் அத்தனை நிதானமாக. கை சும்மா இருப்பதால் தொப்பியைச் சரிசெய்துகொள்கிறார், எதிர்ப்படகுக்காரரைப் பார்த்துக் கையசைக்கிறார். அம்மாவுக்கும் அவருக்கும் ஒரு வார்த்தை பொதுவாக இல்லை. விரல்களைக் காட்டி வயதையும் பிள்ளைகள் எத்தனை என்பதையும் பேசி முடித்துவிட்டார்கள். முதல் குகை 127 மீட்டர் நீளம். உள்ளே நுழைந்ததும் காற்று குளிர்ந்தது. கூரை கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது, குனிந்துகொண்டோம். மேலிருந்து ஒரு சொட்டு விழும் சத்தம், அப்புறம் துடுப்புச் சத்தம், வேறெதுவும் இல்லை. வெளியே வந்தால் ஆற்றின் இரண்டு கரையிலும் பழுத்த நெல். வெள்ளக்காலத்தில் இந்த வயல்களில் தண்ணீர் ஏறிவிடும் என்பதால் வருடத்துக்கு ஒரு போகம்தான். அறுத்த கதிரைப் படகில் ஏற்றிக்கொண்டு எதிரே வந்தார்கள். அவர்களுக்கு அந்த ஆறுதான் ரோடு. டூர் பஸ்கள் வந்துசேர்வதற்கு முன்னால் அதைப் பார்க்க முடிந்ததற்காகவே இரண்டாவது பயணம் எனக்குப் போதும்.

படகோட்டிகளுக்கு முறை வைத்துத்தான் சவாரி கிடைக்கிறது. இறங்கும்போது டிப்ஸ் கொடுக்க மறக்காதீர்கள்.

அதே பகுதியில் இருக்கும் டிராங் ஆனின் படகுப் பயணம் வேறு மாதிரி. மூன்று மணி நேரம், குகைகள் அதிகம், நடுநடுவே இறங்கிக் கோயில்களுக்குப் போகலாம். மனிதர்கள் அங்கே 30,000 வருடங்களுக்கு மேலாக வாழ்ந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாகச் சேர்த்தே அந்தத் தகுதியைக் கொடுத்தார்கள். நேரமிருந்தால் இரண்டு படகிலும் போங்கள். ஒன்றுதான் முடியும் என்றால், வயல் விளைந்திருக்கும் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் டாம் கோக். மற்ற மாதங்களில் டிராங் ஆன்.

கோயில்களில் ஹோவா லூவைத் தவறவிடாதீர்கள். 968-ல் டின் போ லின் நாட்டை ஒன்றாக்கி இங்கேதான் தலைநகரம் அமைத்தார். மலைகளே மதில், இடைவெளிகளை மட்டும் மண்கரை போட்டு அடைத்தார்கள். காவலுக்கு நல்ல இடம், ஆனால் நகரம் வளர இடமில்லை. 1010-ல் தலைநகரம் இன்றைய ஹனோய்க்குப் போய்விட்டது. இப்போது இருப்பது பிற்காலத்தில் கட்டிய இரண்டு கோயில்கள், டின் அரசருக்கு ஒன்று, அவருக்குப் பின் வந்த லே அரசருக்கு ஒன்று. இங்கே அரசர்களே தெய்வம். ஊதுபத்தி, பழம், பிஸ்கட் பாக்கெட் எல்லாம் படைக்கிறார்கள்.

லே கோயிலில் அரசி யூங் வான் ஙாவின் சிலை இருக்கிறது. 979-ல் கணவர் டின் போ லின் கொலையாகி, ஆறு வயது மகன் அரியணையில் இருக்கும்போது சீனாவின் சோங் படை வரப்போகிறது என்ற செய்தி. அவர் மகனை விட்டுவிட்டுத் தளபதி லே ஹோவானிடம் அரச அங்கியைக் கொடுத்தார். 981-ல் லே அந்தப் படையைத் திருப்பி அனுப்பினார், பின்னர் அவரையே மணந்தும் கொண்டார். இந்தக் கதையைச் சொன்னதும் அம்மா அந்தச் சிலைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். "பெத்த பிள்ளையை இறக்கிவிட எவ்வளவு மனசு வேணும்" என்று மட்டும் சொன்னாள். டூரில் வந்தபோது வழிகாட்டி இந்தச் சிலைப் பக்கம் கூட்டிப்போகவே இல்லை.

பிக் டோங் கோயிலுக்கு டாம் கோக்கிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். கீழே தாமரைக் குளம், கல் பாலம். மலைமேல் மூன்று நிலைகளில் கோயில், நடுக் கோயிலிலிருந்து மேல் கோயிலுக்குக் குகை வழியாக ஏற வேண்டும். ஹாங் முவா மலை உச்சிக்கு ஏற சுமார் 500 படி, விடிந்ததும் ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் கஷ்டம். மழைக்காலத்தில் படிகள் வழுக்கும்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் "சாய்" என்ற சொல்லைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், சைவம் என்று அர்த்தம். கேட்காவிட்டால் கீரையில்கூட மீன் சாஸ் ஊற்றிவிடுவார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பௌர்ணமியும் அங்கே பலரும் சைவம் சாப்பிடும் நாட்கள், அன்றைக்குக் கிடைப்பது சுலபம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மலை ஆட்டுக்கறியும், சோற்றைத் தட்டையாகக் காயவைத்துப் பொரித்துத் தரும் கொம் சாயும் (இந்தச் "சாய்" வேறு சொல், சைவம் என்று அர்த்தமில்லை) இந்த ஊரின் விசேஷம்.

சரி, லீவு கிடைக்காது, ஒரு நாள்தான் முடியும் என்றால் முந்தின நாள் சாயங்காலமே ரயில் பிடித்து டாம் கோக் போய்ப் படுத்துவிடுங்கள். காலையில் முதல் படகு, பத்து மணிக்கு ஹோவா லூ, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிளில் பிக் டோங், சாயங்காலம் ஹனோய் ரயில்.