சிறையிலிருந்து வந்த தம்பி: வேலை, ஓட்டு, ஊர்ப் பயணம்

கேள்வி: என் தம்பி தான் வேலை பார்த்த கம்பெனியின் கணக்கில் கைவைத்துவிட்டான். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். 3 வருடத் தண்டனை. பாதியைக் கவுண்டி (மாவட்ட) சிறையில் கழித்துவிட்டு, மீதிக்கு மேற்பார்வையில் இப்போது ஃப்ரீமாண்டில் எங்கள் வீட்டில் இருக்கிறான். அது முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. வேலைக்குப் போனால் ரெக்கார்டு முன்னால் வந்து நிற்கிறது. 'எக்ஸ்பஞ்ச்' செய்தால் எல்லாம் அழிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? ஓட்டுப் போடலாமா? தை மாதம் திருக்கடையூரில் அப்பாவுக்குச் சதாபிஷேகம். அவனை அழைத்துப் போகலாமா? (வாசகி, கலிஃபோர்னியா)

பதில்: கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள், ஒன்றைத் தவிர. தம்பி அமெரிக்கக் குடிமகனா, இல்லை கிரீன் கார்டில் இருக்கிறாரா? நீங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பதில் அதைப் பொறுத்து மாறும். குடிமகன் என்றால் உங்கள் கவலை பெரும்பாலும் வேலையும் பணமும்தான். கிரீன் கார்டு என்றால் சிறை முடிந்த பிறகுதான் பெரிய ஆபத்தே இருக்கிறது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இங்கே ஃபெலனி என்பது பொதுவாக ஒரு வருடத்துக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றம். குடியேற்றச் சட்டத்தில் இதற்கு மேல் 'அக்ரவேட்டட் ஃபெலனி' என்று ஒரு தனிப் பட்டியல் உண்டு. பெயரைக் கேட்டால் கொலை, கொள்ளை என்று தோன்றும். ஆனால் ஏமாற்று, மோசடி சம்பந்தப்பட்ட குற்றத்தில் இழப்பு 10,000 டாலரைத் தாண்டினால் அதுவும் அந்தப் பட்டியலில் சேரும். அதில் சிக்கினால் கிரீன் கார்டு இருந்தும் நாடுகடத்தலாம். இத்தனை வருடம் இங்கே இருந்தார், குடும்பம் இங்கே இருக்கிறது என்று நீதிபதியிடம் இரக்கம் கேட்கும் முக்கியமான வழியும் அடைபடும். 1990 நவம்பர் 29-க்குப் பிறகு அப்படிப்பட்ட தண்டனை பெற்றவருக்குக் குடியுரிமை நிரந்தரமாகக் கிடையாது.

அந்த 10,000 டாலர் குற்றப்பத்திரிகையிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. இதைத் தீர்த்துவைத்த வழக்கு ஓர் இந்தியருடையது. 1985-இல் இங்கே குடியேறிய மனோஜ் நிஜாவன் மோசடி வழக்கில் தண்டனை பெற்றார். ஜூரி இழப்புத் தொகை எதையும் சொல்லவில்லை. தண்டனை விதிக்கும் கட்டத்தில் இழப்பு 10 கோடி டாலருக்கு மேல் என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அது போதும் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் சொல்லிவிட்டது. தம்பியின் ஃபைலில் கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை, அதாவது ரெஸ்டிட்யூஷன், ஓர் எண்ணாக இருக்கும். அரசு வக்கீல் முதலில் விரல் வைப்பது அந்த எண்ணில்தான். அதை மாற்றியோ உறுதி செய்தோ எந்தத் தாளிலும் இனி வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இப்போது 'எக்ஸ்பஞ்ச்' விஷயத்துக்கு வருகிறேன். நம்மவர்களிடம் அதிகம் தப்பாகப் புழங்கும் செய்தி இதுதான். கலிஃபோர்னியாவில் தம்பி மாதிரி பாதி சிறை, பாதி மேற்பார்வை பெற்றவர், மேற்பார்வை முடிந்து ஒரு வருடம் கழித்து, தண்டனைச் சட்டம் 1203.41 பிரிவின் கீழ் மனுப் போடலாம். நீதிபதி ஏற்றால் வழக்கு தள்ளுபடியானதாகப் பதிவாகும். மனுவே போடாவிட்டாலும், கடுமையான குற்றம், வன்முறைக் குற்றம் அல்லாத பல ஃபெலனிகள், தண்டனை முடிந்து 4 வருடம் புதுத் தப்பு இல்லாமல் இருந்தால், தானாகவே மறைக்கப்படும்படி இப்போது சட்டம் இருக்கிறது. தனியார் வேலை தேடும்போது இது உண்மையிலேயே உதவும். ஆனால் குடியேற்றத் துறைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. திருந்தி வாழ்கிறார் என்பதற்காக மாநிலம் தரும் தள்ளுபடியை அவர்கள் ஏற்பதில்லை. அவர்கள் கணக்கில் தண்டனை தண்டனையாகவே இருக்கும்.

அவர்கள் ஏற்பது வேறு ஒன்று. வழக்கு நடந்த விதத்திலேயே சட்டக் குறை இருந்தது என்று சொல்லி நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தால் அது எடுபடும். 2010-இல் பாடியா வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தல் வருமா என்று வெளிநாட்டவருக்குச் சரியாகச் சொல்ல வேண்டியது வக்கீலின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடியா நாற்பது வருடம் இங்கே சட்டப்படி வாழ்ந்தவர், வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காகப் பணியாற்றியவர். இவ்வளவு காலம் இருந்துவிட்டீர்கள், கவலைப்பட வேண்டாம் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார். கலிஃபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போய், 2017 முதல் 1473.7 என்ற பிரிவைக் கொண்டுவந்தது. குடியேற்ற விளைவு புரியாமல் ஒப்புக்கொண்டவர், தண்டனைக் காலம் முடிந்த பிறகும் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம்.

உங்கள் எட்டு மாதத்துக்கு இங்கேதான் மதிப்பு. 1473.7 மேற்பார்வை முடிந்தவர்களுக்கு. மேற்பார்வையில் இருக்கும்போது அதே குறையைச் சொல்லப் பயன்படும் வழி ஹேபியஸ் கார்பஸ், அதாவது என்னைக் காவலில் வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று கேட்கும் மனு. மேற்பார்வை முடிந்த அன்றே அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். 'எல்லாம் முடியட்டும், அப்புறம் வக்கீலைப் பார்ப்போம்' என்று குடும்பங்கள் ஒத்திப்போடுவது புரிகிறது; காசும் வேண்டும், இன்னொரு தடவை கோர்ட் வாசலை மிதிக்க மனசும் வராது. இந்த விஷயத்தில் மட்டும் ஒத்திப்போடக் கூடாது. ஃப்ரீமாண்ட் இருக்கும் அலமேடா கவுண்டியின் பப்ளிக் டிஃபெண்டர் (வசதி இல்லாதவர்களுக்கு அரசு செலவில் வாதாடும் வக்கீல்) அலுவலகத்தில் குடியேற்றத்துக்கென்றே வக்கீல்கள் இருக்கிறார்கள். பெர்க்லியில் உள்ள ஈஸ்ட் பே கம்யூனிட்டி லா சென்டர் ரெக்கார்டு நீக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறது. வேறு கவுண்டி வழக்கு என்றால் அந்தக் கவுண்டியின் பப்ளிக் டிஃபெண்டரைக் கேளுங்கள். கிரிமினல் சட்டமும் குடியேற்றச் சட்டமும் இரண்டுமே தெரிந்த ஆள் வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தவர் நல்லெண்ணத்தோடே கெடுத்துவிடுவார். வாட்ஸ்அப் குழுவில் 'எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்பவர் குடிமகனாக இருந்திருப்பார்.

கவர்னரின் முழு மன்னிப்பு என்று ஒன்றும் உண்டு. இது மாதிரிக் குற்றங்களில் நாடுகடத்தலை அது தடுக்கும். கலிஃபோர்னியா கவர்னர்கள் குடியேறியவர்களுக்கு அதைக் கொடுத்தும் இருக்கிறார்கள். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், உறுதியும் இல்லை. கடைசி வழியாக நினைவில் வைத்தால் போதும்.

சரி, திருக்கடையூர். மேற்பார்வையில் இருக்கும்வரை மாநிலத்தை விட்டுப் போகவே அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைத்தாலும், மேற்பார்வையே முடிந்தாலும், தம்பி கிரீன் கார்டில் இருந்தால் என் பதில் 'போகக் கூடாது' என்பதுதான். சாதாரணமாக கிரீன் கார்டுக்காரர் திரும்பி வரும்போது வீட்டுக்கு வருபவராகக் கருதப்படுவார். இந்த மாதிரித் தண்டனை உள்ளவரைப் புதிதாக உள்ளே வர அனுமதி கேட்பவராகவே சட்டம் பார்க்கிறது. விமான நிலையத்திலேயே கார்டை வாங்கிக்கொண்டு விசாரணைக்கு அனுப்பலாம், காவலிலும் வைக்கலாம். ஊருக்குப் போவதில் தடை இருக்காது. திரும்பி வரும் வரிசையில்தான் மாட்டுவார். இதே காரணத்துக்காக, வக்கீல் ஃபைலைப் பார்க்கும் முன் கிரீன் கார்டைப் புதுப்பிக்கவோ குடியுரிமைக்கு மனுப் போடவோ வேண்டாம். இரண்டிலும் கைரேகை எடுப்பார்கள், பழைய வழக்கு அவர்கள் மேஜைக்குப் போய்ச் சேரும்.

குடிமகன் என்றால் கதை வேறு. ஃபெலனி என்பதற்காக மட்டும் அமெரிக்க பாஸ்போர்ட் மறுக்கப்படாது. சில போதைக் கடத்தல் வழக்குகள், பிள்ளைகளுக்குத் தர வேண்டிய பராமரிப்புத் தொகையில் பெரிய பாக்கி போன்றவை விதிவிலக்கு. மேற்பார்வை முடிந்ததும் போகலாம். ஆனால் இந்தியப் பக்கம் ஒரு முள் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்திய உள்துறை வெளியிட்ட அறிவிப்பின்படி, 2 வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவரின் ஓ.சி.ஐ. பதிவை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் கார்டு) ரத்து செய்யலாம். தம்பியின் தீர்ப்பு 3 வருடம். பாதிதானே உள்ளே இருந்தார் என்ற வாதத்தை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். முதலில் அந்தக் கார்டின் நிலையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

குடிமகனுக்கே இன்னொரு கேள்வி. பணம் எடுக்க ஆரம்பித்தது குடியுரிமை வாங்கியதற்கு முன்பா, பின்பா? கைது ஆகாத குற்றம் ஏதும் செய்திருக்கிறீர்களா என்று என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பப் படிவமே கேட்கிறது. அப்போது 'இல்லை' என்று எழுதியிருந்து, குற்றம் அதற்கும் முன்னால் தொடங்கியிருந்தால், குடியுரிமையையே திரும்பப் பெற அரசு வழக்குப் போடலாம். தேதிகளை நீங்களே ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இதை வக்கீலைத் தவிர யாரிடமும் பேச வேண்டாம்.

ஓட்டு விஷயம் சுலபம். குடிமகன் என்றால் இப்போதே போடலாம். 2020 நவம்பரில் கலிஃபோர்னியா மக்கள் நிறைவேற்றிய 17-ஆம் முன்மொழிவுக்குப் பிறகு, மாநில அல்லது ஃபெடரல் சிறைக்குள் தண்டனை அனுபவிக்கும் நேரம் தவிர ஓட்டுரிமை உண்டு. பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் பதிய வேண்டும், அவ்வளவுதான். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். மெயின், வெர்மான்ட் இரண்டிலும் சிறைக்குள்ளிருந்தே ஓட்டுப் போடலாம். டெக்சாஸில் மேற்பார்வை உட்பட எல்லாம் முடிய வேண்டும். ஃப்ளோரிடாவில் 2018-இல் மக்கள் பெருவாரியாக உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறு வருடமே அபராதமும் ரெஸ்டிட்யூஷனும் கட்டி முடித்தால்தான் என்று சட்டசபை முட்டுக்கட்டை போட்டது. எனக்கு அது அநியாயமாகவே படுகிறது. கையில் காசில்லாதவனுக்கு அது உரிமையே இல்லை. தம்பி டெக்சாஸில் உள்ள பிளானோவுக்கோ ஃப்ளோரிடாவில் உள்ள டாம்பாவுக்கோ குடிபோனால் பதிவதற்கு முன் அங்குள்ள விதியைப் பார்க்க வேண்டும். டெக்சாஸில் மேற்பார்வைக் காலத்தில் 2016 தேர்தலில் ஓட்டுப் போட்ட ஒரு பெண்ணுக்கு 5 வருடம் விதித்தார்கள், அந்த ஓட்டு எண்ணப்படவே இல்லை.

கிரீன் கார்டு என்றால் ஓட்டுப் பக்கமே போகக் கூடாது. டி.எம்.வி.யில் (வாகனப் பதிவு அலுவலகம்) டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வரும் கேள்விகளைப் படித்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள். 2018-இல் அங்கே நடந்த குளறுபடியில் தகுதியில்லாதவர்கள் பெயரும் பட்டியலில் ஏறியது.

வேலைக்கு வருவோம். டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் மில்வாக்கியில் இளைஞர்களை வேலை கேட்க அனுப்பி, 2003-இல் முடிவை வெளியிட்டார். ரெக்கார்டு இல்லாத வெள்ளையரில் 34 சதவீதத்தினருக்கு மறு அழைப்பு வந்தது; ரெக்கார்டு உண்டு என்றதும் அது 17 ஆனது. கறுப்பினத்தவருக்கு ரெக்கார்டு இல்லாமலே 14, இருந்தால் 5. கதவுகள் மூடுவதைத் தம்பி தன் குறையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் 2018 முதல், 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பெரும்பாலான இடங்களில், வேலை தருகிறோம் என்று சொல்வதற்கு முன் பழைய வழக்கைப் பற்றிக் கேட்கவே கூடாது. பிறகு பார்த்துவிட்டு மறுப்பதானால், குற்றம் என்ன, எவ்வளவு நாளாயிற்று, இந்த வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று யோசித்து எழுத்தில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல குறைந்தது 5 வேலை நாள் தர வேண்டும். அந்த 5 நாளைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். மேற்பார்வை அதிகாரியின் கடிதம், ரெஸ்டிட்யூஷன் கட்டிய ரசீது, படித்த கோர்ஸ் சான்றிதழ் எல்லாம் ஒரு கவரில் தயாராக இருக்கட்டும். அப்ளிகேஷனில் அவராகப் பொய் எழுத மட்டும் கூடாது. வேலை போவது வழக்கால் அல்ல, அந்தப் பொய்யால் என்று ஆகிவிடும்.

தம்பி கணக்கு வேலைக்கே திரும்ப நினைத்தால் நேராகச் சொல்லிவிடுகிறேன், இப்போதைக்கு வேண்டாம். நம்பிக்கை மோசடிக் குற்றம் உள்ளவரை, டெபாசிட் காப்பீடு பெற்ற வங்கிகள் மத்திய அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் எடுக்க முடியாது. 2022 இறுதியில் வந்த சட்டத்தால், குற்றம் நடந்து 7 வருடமோ சிறையிலிருந்து வந்து 5 வருடமோ ஆனால் பொதுவாக அந்தத் தடை விலகும். சி.பி.ஏ. லைசென்ஸ் (இங்கே ஆடிட்டருக்கான உரிமம்) இன்னும் கடினம். மற்ற பல தொழில்களுக்கு உள்ள 7 வருட வரம்பு, பணம் சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு அக்கவுண்டன்சி வாரியத்தில் பொருந்தாது. பணம் கையாளாத வேலையில் ஓரிரு வருடம் நிலைத்துவிட்டால் அடுத்த கதவு திறக்கும். தயங்கும் முதலாளியிடம் ஃபெடரல் பாண்டிங் திட்டத்தைச் சொல்லலாம். முதல் 6 மாதத்துக்கு, ஊழியர் கையாடல் செய்தால் வரும் இழப்புக்குப் பொதுவாக 5,000 டாலர் வரை முதலாளிக்கு இலவசப் பாதுகாப்பு, 1966 முதல் நடக்கிறது.

ரெஸ்டிட்யூஷனைச் சின்னத் தொகையாவது மாதாமாதம் கட்டச் சொல்லுங்கள். மேற்பார்வை முடிந்தாலும் அது சிவில் கடனாக நிற்கும், வருடத்துக்கு 10 சதவீதம் வட்டி.

உங்கள் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கணவரோ வேறு யாரோ துப்பாக்கி வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். ஃபெலனி உள்ளவர் கையில் துப்பாக்கியோ தோட்டாவோ இருப்பது ஃபெடரல் குற்றம், 15 வருடம் வரை தண்டனை. தன்னுடையது இல்லை என்றாலும், எட்டும் இடத்தில் இருந்தால் வழக்காகும். 1203.41 தள்ளுபடியும் இதை மாற்றாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது: வழக்கு நடந்த கோர்ட் கிளார்க்கிடம் தீர்ப்பு, ஒப்புதல் படிவம் இரண்டின் சான்றிட்ட நகலையும் வாங்குங்கள். லைவ் ஸ்கேன் முறையில் (கணினியில் பதியும்) கைரேகை கொடுத்து மாநில நீதித்துறையிலிருந்து தம்பியின் சொந்த ரெக்கார்டை எடுங்கள். ரெஸ்டிட்யூஷன் உத்தரவும் கிரீன் கார்டு அல்லது குடியுரிமைச் சான்றும் சேர்த்து வக்கீலிடம் கொண்டுபோங்கள். ஒப்புக்கொண்ட அன்று பழைய வக்கீல் குடியேற்றம் பற்றி என்ன சொன்னார், மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்பதை நினைவிருக்கும்போதே தம்பி தன் கைப்பட எழுதிவைக்கட்டும். அதை வக்கீலிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.