இனி நீ ஓய்வெடு என்கிறார். எனக்கு மூச்சு முட்டுகிறது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 58. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில், பரம்பிக்குளம் ஆழியாறு திட்ட (பி.ஏ.பி.) வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு 63. கோவையில் அவர் வேலை பார்த்த நூற்பாலை நலிந்து, சம்பளமே தடுமாறிய காலத்தில், 1999-இல் இந்தோனேசியாவுக்கு ஸ்பின்னிங் மாஸ்டராகப் போனார். பாண்டுங் பக்கத்தில் ஒரு மில். மகளுக்கு அப்போது பத்து வயது, மகனுக்கு ஆறு. அங்கே ரம்ஜானுக்கு மில் நிற்கும்போது வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். போன தை மாதம் மொத்தமாக வந்துவிட்டார்.

அவர் வந்து சேர வேண்டும் என்று திருமூர்த்திமலை அமணலிங்கேசுவரரிடம் நான் வேண்டாத வருடம் இல்லை. தங்கமான மனிதர். குடி கிடையாது, வீண் செலவு கிடையாது. அவர் அனுப்பிய பணத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள், தோட்டத்துக் கடன் அடைந்தது, மகளுக்குச் சீர் செய்தோம்.

வந்த புதிதில், "இத்தனை காலம் நீ பட்டது போதும். இனி நீ ஓய்வெடு, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளிலேயே ஒரு நோட்டுப் போட்டார். வேலையாட்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று எழுத ஆரம்பித்தார். எங்களிடம் பல வருடமாக வேலைக்கு வரும் ஓர் அக்கா, பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் வருவார். எல்லார் முன்னாலும் அவரை நிறுத்தி, ஏன் தாமதம் என்று கேட்டுவிட்டார். அடுத்த வாரம் அந்த அக்கா வரவில்லை. கொப்பரை வியாபாரியும், "இனிமேல் அய்யாவிடமே பேசிக்கொள்கிறேன் அம்மா" என்கிறார். அவருக்கு விலை சொல்லிப் பழகியவள் நான்.

வாய்க்காலில் எங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் விட்டு, எங்கள் முறை நடுராத்திரியில் வந்தால், டார்ச்சும் மண்வெட்டியுமாக மடைக்குப் போனவள் நான்தான். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கரும்பூசணம் படிந்தபோது, ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன். பூச்சிமருந்து அடித்தால் வெள்ளை ஈயை அழிக்கும் சின்னக் குளவியும் செத்துவிடும், மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள், ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள் என்றார்கள். அப்படித்தான் தோப்பைக் காப்பாற்றினேன். இப்போது அவர் யாரோ கடைக்காரர் சொன்னார் என்று பூச்சிமருந்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடம் சம்பாதித்துக் கொடுத்தவரை எதிர்த்து என்ன பேசுவது?

அவர் பேசுவதே சத்தம் போடுவதாக இருக்கிறது. ஆட்கள் திட்டுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் சமையற்கட்டிலிருந்து சொல்வதைக் காதிலேயே வாங்குவதில்லை. டி.வி. சத்தம் பக்கத்துத் தோட்டத்துச் சாளை வரை கேட்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசலில் நடக்கிறார். பகலில் சும்மா உட்கார்ந்தால், துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து முறுக்கைப் பிரிக்கிறார். பிரிந்ததும் மெதுவாக இழுத்துப் பார்த்து, அறுந்ததும் கீழே போட்டுவிட்டு அடுத்த நூலை உருவுகிறார். அவர் எழுந்து போன இடத்தில் பஞ்சுத் துணுக்குகள் கிடக்கும். அதைப் பெருக்கும்போது எனக்கு அழுகை வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, என் அத்தை, அவருடைய அம்மா, காலமானார். விமானம் கிடையாது. கொழுந்தனார்தான் கொள்ளி வைத்தார். என் மகன் போனைப் பிடித்துக் காட்ட, அவர் அங்கிருந்து பார்த்தார். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அப்பா வந்துவிட்டார், நீ ஏன் அம்மா இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்கிறான் மகன். தோட்டத்தை அவரிடமே விட்டுவிட்டு, கோபியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றுகிறது. புருஷன் திரும்பி வந்ததற்கு வருத்தப்படுகிறவள் உலகத்தில் நான் ஒருத்திதானா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உடுமலைப்பேட்டை வட்டம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

தோட்டத்தை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போகாதீர்கள். மற்றதெல்லாம் பேசுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் போனால் அவர் தனியாக நிற்பார். நீங்களோ உங்கள் வாழ்நாள் உழைப்பை விட்டுவிட்டு இன்னொரு வீட்டில் விருந்தாளியாக இருப்பீர்கள். இரண்டு பேருக்கும் அது நல்லதில்லை.

நீங்கள் ஒருத்தி இல்லை. கொங்குப் பகுதி மில்களில் தொழில் கற்றவர்கள் இந்தோனேசியாவுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் வங்கதேசத்துக்கும் போனார்கள். இப்போது அறுபதைத் தாண்டித் திரும்பி வருகிறார்கள். அவர்களுடைய மனைவிமார் என்னிடம் பேசும்போது, "அவர் வந்தது சந்தோஷம்தான்" என்று தொடங்கிவிட்டு அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்தாமல் எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தைரியம் வேண்டும்.

அயல்நாட்டில் பழகுவதற்கு எவ்வளவு சிரமமோ, திரும்பி வந்து சொந்த ஊரில் பழகுவதற்கும் அதே சிரமம் மறுபடி ஒருமுறை உண்டு என்று அமெரிக்க ஆய்வாளர்களான கல்லாஹார்ன் தம்பதி 1963-லேயே எழுதினார்கள். ஆனால் இங்கேயே இருந்தவருக்கும் அந்தச் சிரமம் உண்டு. 1999-இல் அவர் போனபோது நீங்கள் ஒரு வாழ்க்கையை அடியோடு மாற்றி அமைத்தீர்கள். இப்போது இரண்டாவது முறையாக மாற்றச் சொல்கிறார்கள், அதுவும் யாரும் உங்களைக் கேட்காமல். உங்களுக்கு மூச்சு முட்டுவது அதனால்தான். இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தச் சத்தத்தைப் பற்றிய பகுதி. ஸ்பின்னிங் பிரிவில் இரைச்சல் 90 டெசிபலை ஒட்டி இருக்கும். அதில் பல ஆண்டுகள் நின்றவர்களுக்குச் செவித்திறன் குறைவது மிகவும் சாதாரணம். முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. எதிரே உட்கார்ந்து பேசினால் புரியும். சமையற்கட்டிலிருந்து சொன்னால் புரியாது. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும்தான் முதலில் நழுவும். தன் குரல் எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதும் தெரியாது. அவர் உங்களை மதிக்கவில்லை என்று நீங்கள் நினைத்த சில நேரங்களில், நீங்கள் பேசியதே அவருக்கு எட்டாமல் போயிருக்கலாம். இந்த வாரமே உடுமலையிலோ பொள்ளாச்சியிலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போய்ச் செவித்திறன் சோதனை செய்யுங்கள். இரைச்சலால் போன செவித்திறன் திரும்பாது. ஆனால் காது கருவி பெரிய உதவி. பஞ்சுத் தூசியில் இருந்தவர் என்பதால் நெஞ்சுச் சளியும் இருமலும் உண்டா என்றும் காட்டிவிடுங்கள். சண்டை என்று தோன்றுவதில் ஒரு பகுதி இங்கேயே கரைந்துவிடும் என்று நம்புகிறேன்.

எல்லாமே காதில் முடிந்துவிடாது. "இனி நீ ஓய்வெடு" என்ற பேச்சு இருக்கிறது. அவர் அதைக் கடனைத் திருப்பிக் கொடுப்பதாக நினைத்துச் சொல்கிறார். நீங்கள் தனியாகக் கிடந்தது அவரை உறுத்தியிருக்கிறது. ஆனால் நீங்கள் பட்டது கஷ்டம் மட்டுமில்லையே. மடை திருப்பவும், கொப்பரைக்கு விலை பேசவும், வெள்ளை ஈயிலிருந்து தோப்பை மீட்கவும் கற்றுக்கொண்டீர்கள். அதெல்லாம் அவருக்குத் தெரியாது. போனில் நீங்கள் சொல்லியிருக்கமாட்டீர்கள். அவர் கவலைப்படுவாரே என்று நல்லதை மட்டும் சொல்லியிருப்பீர்கள். அவரும் மில்லில் பட்டதைச் சொல்லியிருக்கமாட்டார். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து இருவரும் மறைத்த வருடங்கள் இவை. அவற்றை இப்போது சொல்லிவிடுங்கள். இரவில், களைப்பில், குற்றச்சாட்டாகச் சொல்ல வேண்டாம். காலையில் தோப்புக்குள் நடந்துகொண்டே, இந்த வரிசை எப்போது வைத்தது, இந்தக் கிணறு எப்போது வற்றியது, அன்றைக்குப் பணத்துக்கு என்ன செய்தீர்கள் என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அவருடைய மில் கதையையும் கேளுங்கள். அந்த நூலைப் பிரித்துப் பார்க்கும்போது என்ன பார்க்கிறார் என்றே கேட்கலாம். முறுக்கும் பலமும் பார்ப்பது அவர் தொழில். அதைக் கேட்க இங்கே ஆளே இல்லை என்பதால்தான் தனியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு அழுகை வருவதும் அதனால்தானோ என்னவோ.

அவருடைய அம்மா விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். 2020 மார்ச் 23-இல் வழக்கமான வெளிநாட்டு விமானங்கள் நின்றன. 2022 மார்ச் 27-இல்தான் முறையாகத் திரும்பின. இருபது பேருக்கு மேல் கூடாமல் அடக்கம் செய்த காலம் அது. மூத்த மகனோ இளைய மகனோ, கடைசியாகத் தாயின் கையைப் பிடிக்க முடியாதவருக்கு அந்தச் சாவு முடிந்த கணக்காக இருக்காது. அத்தையின் கடைசி மாதங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள். என்ன சாப்பிட்டார், மகனைப் பற்றி என்ன கேட்டார், வலி இருந்ததா? இதையெல்லாம் கேட்க அவருக்குப் பயம். அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். அத்தையின் திதி வரும்போது, கொழுந்தனாரையும் அழைத்து, இந்த முறை இவர் கையால் செய்யச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், பேச்சை மாற்றிவிடாதீர்கள்.

இனி தோட்டம். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசப்போவதில்லை. ஆட்கள், மடை, மரத்தின் நோய் நொடி, இவை உங்கள் பொறுப்பாகவே இருக்கட்டும். அந்த அக்கா வீட்டுக்கு நீங்களே போய் அவரை அழைத்து வாருங்கள். பூச்சிமருந்து விஷயத்தில் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். முன்பணம் போனால் போகட்டும். நீங்கள் சொன்னால் கசப்பாக இருக்கும் என்றால், இருவரும் ஆழியாறுக்குப் போய் அங்குள்ள அதிகாரிகளிடமே கேட்டு வாருங்கள். அவர் தொழில்நுட்பம் அறிந்தவர். காரணத்தைக் கேட்டால் ஏற்றுக்கொள்வார்.

அவருக்கும் முழுதாக ஒரு பொறுப்பு வேண்டும். உதவிக்கு நிற்கச் சொன்னால் போதாது. அவ்வளவு பெரிய ஆலையை நடத்தியவரைத் தேங்காய் எண்ணச் சொன்னால் நோட்டுத்தான் போடுவார். மோட்டார், சொட்டுநீர்க் குழாய்கள், கொப்பரைக் களம் ஆகியவற்றை முழுமையாக அவரிடம் விடுங்கள். அதில் நீங்கள் தலையிடாதீர்கள். 2025-ஆம் ஆண்டுப் பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு 11,582 ரூபாய் ஆதார விலை அறிவித்தது. ஈரப்பதத்தையும் தரத்தையும் விலையையும் கணக்குப் பார்ப்பது அவருக்குக் கைவந்த வேலை. விலை பேசும்போது இருவரும் உட்காருங்கள். வியாபாரியிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

தோட்டத்துக்கு வெளியிலும் அவருக்கு வேலை இருக்கிறது. உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் நூற்பாலைகளுக்குப் பஞ்சமில்லை. வாரத்தில் சில நாட்கள் ஆலோசனைக்கு வர அனுபவசாலிகளைத் தேடும் சிறிய ஆலைகளும் இருக்கும். கோவையில் 1956-இல் தொடங்கப்பட்ட சிட்ரா என்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் ஆலைத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி நடத்துகிறது. அங்கே ஒருமுறை போய் வரச் சொல்லுங்கள். இளம் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வாய்ப்பு கிடைத்தால், வீட்டில் நோட்டுப் போடும் வேகம் தணியும்.

பண விஷயம் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். நிரந்தரமாகத் திரும்பியவர், வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். அயல்நாட்டு நாணயமாகவே வைக்க ஆர்.எஃப்.சி. கணக்கு உண்டு. அந்த வேலைக்கு வங்கிக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். கணக்கில் உங்கள் பெயரும் இணையட்டும்.

இரவுத் தூக்கம் பற்றி. ஷிப்டு நேரம் உடம்பில் ஊறியிருக்கும், அது மாறச் சில மாதங்கள் ஆகும். நீங்களும் இத்தனை காலம் தனிக் கட்டிலில் படுத்துப் பழகியவர். கொஞ்ச காலம் தனித்தனியாகப் படுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேசி வைத்துக்கொண்டு செய்யுங்கள், கோபத்தில் செய்யாதீர்கள்.

மகனிடம், "அப்பா வந்தது எனக்குத் துணை. என் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை" என்று நேராகச் சொல்லுங்கள். அவனுக்கு அது புதிய செய்தியாக இருக்கும்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள். சாப்பாடு குறைகிறதா, யாரையும் பார்க்க மறுக்கிறாரா, "நான் இருந்து என்ன பயன்" என்கிறாரா? அப்படி என்றால் நாள் கடத்தாமல் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். அந்த எண் உங்களுக்கும்தான். அவரை ஆலோசனைக்கு அழைத்தால், "எனக்கு என்ன பைத்தியமா" என்று கேட்கக்கூடும். கேட்டால் வற்புறுத்த வேண்டாம். முதல் முறை நீங்கள் மட்டும் வாருங்கள்.