பாட்டிலில் வைத்த கரைசல் ஏன் பலிக்கவில்லை?

கேள்வி: 200 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வளர்க்கிறேன். அரிசி கழுவிய தண்ணீரைப் புளிக்கவிட்டு, பாலில் கலந்து, தெளிந்த நீரை வடித்துக் குடிநீரில் கொடுத்தேன், கழிச்சல் குறைந்தது. மீதியைக் கொட்டகையில் மூடி வைத்து, இரண்டு மாதம் கழித்து அடுத்த பேட்சுக்குக் கொடுத்தால் பலனே இல்லை. வெயிலில் காயவைத்துத் தூளாக்கி வைக்கலாமா?

பதில்: வெயில் வேண்டாம், கரைசலில் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு நல்ல பாக்டீரியாவும் போய்விடும். உங்கள் பாட்டிலில் இருந்தவை ஏற்கெனவே பெரும்பாலும் செத்திருக்கும். பாலைப் புளிக்கவைக்கும் இந்த லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியா சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகிறது. அந்தப் புளிப்புதான் கெட்ட கிருமிகளை அடக்குகிறது. தீனி தீர்ந்து புளிப்பு ஏறினால் அதுவே இவற்றையும் கொல்லும். வெளியில் பல நாள் கிடந்த தயிரை உறை ஊற்றினால் பால் சரியாக உறைவதில்லையே, அதே கதை.

ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். அப்புறம், உறைமோர் காப்பது போலக் காக்க வேண்டியதுதான்: வாரம் ஒருமுறை காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய பாலில் ஒரு ஸ்பூன் விட்டுப் புதுப்பியுங்கள். சம எடை வெல்லம் கலந்து வெளியில் வைப்பவர்களும் உண்டு; நான் ஃபிரிட்ஜைத்தான் நம்புவேன். வெல்லம் போட்டால் மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

கடையில் விற்கும் தூள் வேறு சங்கதி. கொழுப்பு நீக்கிய பால் போன்ற காப்புப் பொருளோடு உறையவைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியிலிருந்தே ஈரத்தை உறிஞ்சுவார்கள். வீட்டில் முடியாது. தீவன ஆலைகள் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற வேறு பாக்டீரியாவைச் சேர்ப்பது, அது விதை போல உறங்கும் வித்து கட்டிச் சூட்டைத் தாங்கும் என்பதால்.

இன்னொன்று: பாலில் வளர்ந்த இந்த பாக்டீரியா குடலில் விருந்தாளிதான், தங்காது. தங்குவது தாய்க்கோழியின் எச்சத்திலிருந்து வரும் கூட்டம். இன்குபேட்டர் குஞ்சுக்கு அது கிடைப்பதில்லை. வளர்ந்த கோழியின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தால் குஞ்சுகள் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியை எதிர்க்கின்றன என்று பின்லாந்து ஆய்வாளர்கள் நுர்மியும் ரந்தாலாவும் 1973-இல் காட்டினார்கள். அதற்காக எச்சத்தைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். ரத்தக்கழிச்சல் கிருமியும் கூடவே வரும். உங்கள் கரைசலையே புதிதாகச் செய்து, பொரித்த முதல் நாளிலிருந்து தொடர்ந்து கொடுங்கள்.

பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் கலக்காதீர்கள். ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில் கொடுப்பதும் வீண். அது முடிந்ததும் தொடங்குங்கள். கலந்த தண்ணீரை நாலு மணி நேரத்தில் மாற்றிவிட்டுக் குடிகலனைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இந்த பேட்சின் கழிச்சலில் ரத்தம் தெரிந்தால் கரைசலை நம்பி உட்காராமல், புது எச்சத்தோடு இன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.