கோவையில் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். மின் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. சோலார் போடுவதா, காற்றாலைப் பங்கு வாங்குவதா?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம் இது: லேத், மில்லிங் மெஷின்கள் உள்ள பட்டறை. மாதம் முப்பதாயிரத்துக்கு மேல் பில் வருகிறது. வாரம் ஒரு ஏஜெண்ட் வந்து, யூனிட் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். எதை நம்புவது?

நானும் கோவையில்தான் பம்ப்செட் உதிரி பாகங்களுக்கு ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். நீங்கள் இப்போது இருக்கும் நிலையில்தான் 2022 கடைசியில் நானும் இருந்தேன். எனக்கு உதவியது சோலாரும் இல்லை, காற்றாலையும் இல்லை. பில்லின் மேல் பகுதியில் இருந்த ஒரே ஒரு எண்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் பில்லைக் கையில் வாங்கியதும் மொத்தத் தொகையைப் பார்ப்போம், யூனிட்டைப் பார்ப்போம், அவ்வளவுதான். ஒப்புதல் பெற்ற மின்பளு, அதாவது ‘சாங்ஷன் லோடு’, எவ்வளவு என்று பார்ப்பதே இல்லை. 2022 செப்டம்பர் வரை பார்க்காமல் இருந்ததில் பெரிய நஷ்டமும் இல்லை. எல்டி (தாழ்வழுத்த இணைப்பு) 3-பி எனப்படும் தொழிற்சாலைக் கட்டணத்தில் யூனிட் 6.35 ரூபாய், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் லோடுக்காகக் கட்டும் நிலைக் கட்டணம் மாதம் ஒரு கிலோவாட்டுக்கு 35 ரூபாய் என்று இருந்தது. 2022 செப்டம்பர் 10 முதல் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய உத்தரவு நடைமுறைக்கு வந்தது. யூனிட் 7.50 ஆனது. எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். நிலைக் கட்டணத்தில் நடந்தது அதைவிடப் பெரிய மாற்றம். 50 கிலோவாட் வரை இருந்தால் கிலோவாட்டுக்கு 75 ரூபாய். 50-ஐத் தாண்டி 112 வரை இருந்தால் 150 ரூபாய். 112-க்கு மேலே 550 ரூபாய். தாண்டிய பகுதிக்கு மட்டும் கூடுதல் விலை என்று நினைத்துவிடாதீர்கள். 51 கிலோவாட் என்றால் 51-க்கும் 150 ரூபாய்தான்.

என் ஷெட்டில் எனக்கு முன்னால் வாடகைக்கு இருந்தவர் 80 ஹெச்பி (குதிரைத்திறன்) லோடு வாங்கி வைத்திருந்தார். ஒரு ஹெச்பி 0.746 கிலோவாட், ஆக 80 ஹெச்பி என்பது 60 கிலோவாட். அவர் பெரிய மெஷின்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார், லோடு மட்டும் அப்படியே இருந்தது. என்னிடம் இருந்த எல்லா மெஷின்களையும், கம்ப்ரஸரையும், விளக்கு, ஃபேனையும் கூட்டினால்கூட 60 ஹெச்பியைத் தாண்டாது. பக்கத்து ஷெட்டுக்கு வயரிங் செய்ய வந்த எலக்ட்ரீசியன் அண்ணன்தான் என் பில்லைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இத்தனை லோடை வச்சுட்டு என்ன பண்றீங்க?” என்று கேட்டார். அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

60 கிலோவாட்டை 150-ஆல் பெருக்கினால் மாதம் 9,000 ரூபாய். அதையே 45 கிலோவாட்டாகக் குறைத்தால் 75 ரூபாய் வீதம் 3,375 ரூபாய். வித்தியாசம் 5,625. ஒரு மெஷினைக்கூட நிறுத்தாமல், ஒரு யூனிட்கூட மிச்சம் பிடிக்காமல் கிடைக்கும் பணம் இது.

இதை யூனிட் விலையாக மாற்றிப் பாருங்கள், இன்னும் தெளிவாகும். மாதம் 3,000 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். யூனிட் 7.50 வீதம் 22,500. நிலைக் கட்டணம் 9,000 சேர்த்தால் 31,500. அப்படியானால் உண்மையில் ஒரு யூனிட்டுக்கு நாம் கொடுப்பது 10.50. ஆர்டர் குறைந்து 1,500 யூனிட்தான் ஓடிய மாதத்தில்? 11,250-உம் 9,000-உம் சேர்ந்து 20,250, அதாவது யூனிட் 13.50. வேலை இல்லாத மாதத்தில்தான் மின்சாரம் அதிக விலைக்கு விழுகிறது. லோடைக் குறைத்த பிறகு இதே இரண்டு மாதங்களுக்கும் கணக்குப் போட்டால் 8.63-உம் 9.75-உம் வரும். இதற்கு மேல் 5 சதவீத மின்வரி தனி, நான் சேர்க்கவில்லை. எல்லாமே 2022 விலை. அதன் பிறகு 2023 ஜூலையில் 2.18 சதவீதம், 2024 ஜூலையில் 4.83 சதவீதம் என ஏறியிருக்கிறது. பணவீக்கத்தைப் பொறுத்து ஜூலை தோறும் மாறும் என்று அந்த 2022 உத்தரவிலேயே இருக்கிறது. அதனால் கணக்கை நீங்கள் போடும்போது கையில் இருக்கும் பில்லின் விலையை வைத்தே போடுங்கள்.

லோடு குறைப்பதற்கு விண்ணப்பம் கொடுத்தால் குறைத்துத் தருவார்கள். ஆனால் அவசரப்பட்டு அடிமட்டத்துக்கு இறக்கிவிட வேண்டாம். நாளைக்கு ஒரு சிஎன்சி மெஷின் வாங்கினால் மறுபடி ஏற்ற வேண்டும், அதற்கு மேம்பாட்டுக் கட்டணம் புதிதாகக் கட்ட வேண்டும். ஒப்புதல் பெற்றதைத் தாண்டி எடுத்தால் அபராதக் கணக்கு வேறு. அடுத்த இரண்டு வருடத்தில் என்ன மெஷின் வாங்கப் போகிறீர்கள் என்று யோசித்து, அதற்கும் கொஞ்சம் இடம் விட்டுக் குறையுங்கள். 50-க்குள் நிற்க முடிந்தால் நிற்பது நல்லது.

அப்புறம் பவர் ஃபேக்டர், அதாவது லைனிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற விகிதம். 18.6 கிலோவாட்டுக்கு மேல், அதாவது 25 ஹெச்பிக்கு மேல் லோடு இருந்தால் இது 0.85-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் ஒவ்வொரு 0.01-க்கும் ஒரு சதவீதம் கூடுதலாகப் போடுவார்கள். மோட்டார்கள் பாதி லோடில் ஓடும் பட்டறைகளில் இது தானாகவே இறங்கும். எனக்கு ஒரு மாதம் 0.78 காட்டியது. பேனலைத் திறந்து பார்த்தால், அதைச் சரியாக வைத்திருக்கும் கப்பாசிட்டர் ஒன்று உப்பிப் போய்க் கிடந்தது. ஏழு சதவீதம், ஆயிரத்து ஐநூறுக்கு மேல் போயிற்று. மாதம் ஒரு முறை பேனலைத் திறந்து பார்ப்பதை அதன் பிறகு நான் விடவே இல்லை.

கட்டண வகையையும் ஒரு தடவை சரிபாருங்கள். 12 கிலோவாட்டுக்குள் இருக்கும் குறுந்தொழில் என்றால் 3-பி வேண்டியதில்லை, 3-ஏ(1) இருக்கிறது. 2022 விலையில் அது இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை 4.50, அதற்கு மேல் 6.50. சின்ன சின்ன பட்டறைகள் நிறைய இதில் வர வேண்டியவை. இன்னொரு பக்கம், பட்டறையின் முன்பகுதியில் விற்பனைக் கவுன்ட்டர் போட்டு ஒரே இணைப்பில் ஓட்டினால், வணிகக் கட்டணமான எல்டி 5-க்குப் போய்விடும் ஆபத்து உண்டு. அது யூனிட் 9.50 என்று தொடங்கியது, 2024-இல் பத்து ரூபாயைத் தாண்டிவிட்டது. கவுன்ட்டருக்குத் தனி இணைப்பு கேளுங்கள்.

வணிகக் கட்டணத்தைப் பற்றிச் சொல்லும்போது, தையல் கடை, பெட்டிக்கடை வைத்திருப்பவர்களுக்காக ஒன்று. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை யூனிட் 6 ரூபாய். 101 ஆகிவிட்டால் எல்லா யூனிட்டுக்கும் 9.50. அதாவது 100 யூனிட்டுக்கு 600 ரூபாய், 101 யூனிட்டுக்கு 959.50. இதுவும் 2022 விலைதான். அந்த ஒரு யூனிட்டின் விலை 359.50 ரூபாய். ஒரு குண்டு பல்பை எல்இடியாக மாற்றினால் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிடலாம். இதை அந்தக் கடைக்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, சோலாருக்கு வருவோம். நான் சோலாருக்கு எதிரி இல்லை, போட்டும் இருக்கிறேன், 10 கிலோவாட். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் கொடுக்கும். 10 கிலோவாட் என்றால் 40 யூனிட், மாதம் 25 வேலை நாளுக்கு 1,000 யூனிட். பகல் ஷிஃப்ட் மட்டும் ஓடும் பட்டறைக்கு இது நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் வெளிச்சம் இருக்கும்போதே நாம் பயன்படுத்திவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை உற்பத்தி வெளியே போகும், அதற்கு மின்வாரியம் தரும் விலை நாம் கொடுக்கும் விலையில் பாதிகூட இல்லை. அதனால் ஏஜெண்ட் ‘பில் ஜீரோ ஆகிவிடும்’ என்று பெரிய சைஸாகப் போடச் சொன்னால் கேட்காதீர்கள். வார நாள் மதியம் உங்கள் மெஷின்கள் உண்மையில் எவ்வளவு இழுக்கின்றன என்று பார்த்து, அதற்குள் போடுங்கள். ஒப்புதல் பெற்ற லோடைத் தாண்டி சோலார் போடவும் முடியாது.

ஏஜெண்டுகள் சொல்லாமல் விடுவது மூன்று. நிலைக் கட்டணத்தில் சோலார் ஒரு பைசா குறைக்காது, அது லோடுக்கானது, யூனிட்டுக்கானது இல்லை. அடுத்து நெட்வொர்க் கட்டணம்: நம் கூரையில் தயாராகும் யூனிட்டுக்கும் வாரியத்துக்கு ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற விதி வந்தது, பிறகு 2023-இல் சிறுதொழில்களுக்கு அதைப் பாதியாகக் குறைத்தார்கள். கொட்டேஷனில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றாவதை நான் பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். சோலார் வந்ததும் மெஷினுக்கு வேண்டிய கிலோவாட்டைக் கூரை கொடுத்துவிடும். மோட்டார் காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் பவர் மட்டும் பழையபடி லைனிலிருந்தே வரும். மீட்டர் பார்ப்பது லைனிலிருந்து வருவதை மட்டும்தான். அதனால் பவர் ஃபேக்டர் சரிந்து தெரியும். சோலாரால் மிச்சமானதில் ஒரு பங்கு அபராதமாகப் போகும். தானாகவே கப்பாசிட்டரை ஏற்றி இறக்கும் ஏபிஎஃப்சி பேனலையும் சோலாரோடு சேர்த்தே போட்டுவிடுங்கள்.

கூரையையும் பாருங்கள். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி வேண்டும். நம் பழைய ஷெட்டுகள் பலவும் ஆஸ்பெஸ்டாஸ். அதன் மேல் ஆள் ஏறுவதே ஆபத்து. கூரைக்கு அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் (டிரஸ்) தாங்குமா என்று ஒரு இன்ஜினியரை வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீடுகளுக்கான பிரதமர் சூரிய வீடு திட்ட மானியம் பட்டறைக்குக் கிடையாது, அதைக் காட்டி விலை சொல்பவரை அப்படியே அனுப்பிவிடலாம்.

காற்றாலைப் பங்குக்கு வருகிறேன். நம் ஊர் நூற்பாலைகள் காற்றாலையால் பிழைத்தது உண்மை. ஆனால் அவர்கள் ஹெச்டி, அதாவது உயரழுத்த இணைப்புக்காரர்கள். வெளியாரிடம் மின்சாரம் வாங்கும் ‘ஓபன் ஆக்சஸ்’ ஒரு மெகாவாட்டுக்கு மேல் என்று இருந்ததை, பசுமை மின்சாரத்துக்கு மட்டும் 100 கிலோவாட்டாக மத்திய அரசு 2022 ஜூனில் இறக்கியது. நீங்களும் நானும் 100-க்குக் கீழே. பல பேர் சேர்ந்து எடுக்கும் ‘குரூப் கேப்டிவ்’ முறையிலும், பயன்படுத்துவோர் 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். ஏதாவது ஒரு வருடம் அது தவறினால், கேப்டிவ் என்பதால் கிடைத்த சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) விலக்கு போய், அந்தத் தொகை நம் தலையில் விழும். ஆடிக் காற்றில் நிறைய வரும், மார்கழியில் சொற்பமாக வரும் மின்சாரம் அது. 45 கிலோவாட் பட்டறைக்காரர் இதில் பணம் போட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. 112-ஐ நெருங்கிக்கொண்டிருப்பவர் ஹெச்டிக்கு மாறுவதோடு சேர்த்து இதை யோசிக்கலாம். ஆனால் ஹெச்டியில் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒப்பந்த டிமாண்டில் (எடுப்பதாக ஒப்புக்கொண்ட அளவில்) 90 சதவீதத்துக்குக் கட்டியே ஆக வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் செலவும் நம்முடையது.

ஜெனரேட்டர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு லிட்டர் டீசலில் மூன்று, மூன்றரை யூனிட் வரும். இன்றைய டீசல் விலைக்கு யூனிட் 25 ரூபாய்க்கு மேல். கரண்ட் போனால் பாதியில் நிற்கும் ஜாபைக் காப்பாற்ற மட்டும் வையுங்கள்.

2023 செப்டம்பர் 25 அன்று நாம் எல்லோரும் ஷட்டரை இறக்கிப் போராடியது நினைவிருக்கும். நிலைக் கட்டணத்தைக் குறை என்பதுதான் அன்றைய முக்கியக் கோரிக்கை. அதற்கு முன்பே, எல்டி இணைப்புக்குப் போட்ட 25 சதவீத உச்ச நேரக் கூடுதல் கட்டணம் நம் தொழில் சங்கங்கள் சத்தம் போட்டதால்தான் 15 ஆனது. அதனால் சங்கத்தில் சேராமல் இருந்தால் சேருங்கள், உங்கள் பில் நகலை அவர்களிடம் கொடுங்கள். ஆணையம் கருத்துக் கேட்கும்போது அவர்கள் கையில் உண்மையான பில் இருக்க வேண்டும்.

உங்கள் பில்லில் சாங்ஷன் லோடு, பதிவான அதிகபட்ச டிமாண்ட், பவர் ஃபேக்டர் ஆகிய மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள். சர்வீஸ் நம்பரை மறைத்துவிட்டு அனுப்பினால் போதும். லோடு எவ்வளவு குறைக்கலாம், அதற்குப் பிறகு சோலார் எத்தனை கிலோவாட் தேவைப்படும் என்று கணக்குப் போட்டு இங்கேயே எழுதுகிறேன். அதுவரை எந்த ஏஜெண்டுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.