பழனிக்கு நடக்கப் பையில் எவ்வளவு வேண்டும்? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, இந்தத் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறோம். நான், கணவர், பதினொரு வயதுப் பையன், மாமியார் என நாலு பேர். மெதுவாக ஏழு நாளில் போவதாகத் திட்டம். “வழியெல்லாம் அன்னதானம், பத்து பைசா வேண்டாம்” என்கிறார் கணவர். போன வருஷம் நடந்த என் அண்ணனோ ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய் இல்லாமல் கிளம்பாதே என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் அண்ணன் லாட்ஜில் தங்கி, ஓட்டலில் சாப்பிட்டு நடந்திருப்பார். உங்கள் கணவர் இன்னும் நடந்ததே இல்லை என்று நினைக்கிறேன். எங்கள் குழுவின் பணப்பை என் இடுப்பில்தான் இருக்கும், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: நாலு பேருக்கும் சேர்த்து, ஏழு நாள் சாப்பாட்டுக்கு 5,000 ரூபாய் போதும்.

அன்னதானம் இருப்பது உண்மை. பொங்கல், சாம்பார் சாதம், தக்காளி சாதம், தயிர் சாதம், நடுவில் சுக்குக் காபி, பானகம் என்று ஊருக்கு ஊர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஆனால் அவர்கள் அடுப்பு ஒரு நேரத்தில் எரியும், உங்கள் கால் வேறு நேரத்தில் நடக்கும். வெயிலுக்கு முன்னால் தூரத்தைக் கடக்க விடியற்காலை மூன்று, மூன்றரைக்கே கிளம்பிவிடுவீர்கள். அப்போது விழித்திருப்பது டீக்கடை மட்டும்தான். மதியப் பந்தி பன்னிரண்டுக்கு ஆரம்பித்தால் இரண்டு மணிக்கு அண்டா காலி. மாமியாரின் கால் வலியால் நீங்கள் இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். “இப்பத்தாம்மா முடிஞ்சுது, அடுத்த ஊர்ல இருக்கும்” என்பார்கள். அந்த அடுத்த ஊர் ஐந்து கிலோமீட்டர். பையன் உட்கார்ந்துவிடுவான். காசு செலவாவது இந்த இடைவெளியில்தான்.

இன்னொன்று, பணத்தை ஏழு நாளுக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் என்று போய்த் திண்டுக்கல் சேரும்வரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அதற்கப்புறம் ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு அறுபது சொச்சம். மதுரை, திருச்சிப் பக்கமிருந்து நடந்து வருகிறவர்களில் நிறையப் பேர் திண்டுக்கல்லில் நம்மோடு சேர்ந்துகொள்வதால், அங்கிருந்து கூட்டமும் அதிகம், பந்தலும் அதிகம். பணம் தேவைப்படுவது முதல் பாதியில். அதனால் முதல் நாலு நாளுக்கு ஆளுக்கு 175, கடைசி மூன்று நாளுக்கு 120 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

175 எங்கே போகும் என்று கேட்பீர்கள். விடியற்காலை டீயும் பன்னும் 25. அன்னதானம் கைக்கு எட்டாத ஒரு வேளைக்கு இட்லி, வடை 60. தண்ணீர் 20. வாழைப்பழமோ இளநீரோ ஏதாவது ஒன்று, 40. சாயங்காலம் டீ, சுண்டல் 30. மற்ற வேளையெல்லாம் பந்தல் சாப்பாடு. நாலு பேருக்கு முதல் நாலு நாள் 2,800, பிந்தைய மூன்று நாள் 1,440, ஆக 4,240. மிச்சம் 760 ரூபாயைத் தனியாகச் சுருட்டி மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள். கணவரிடம் கொடுக்காதீர்கள், முதல் நாளே எல்லாருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

பணத்தில் பாதியாவது பத்து, இருபது ரூபாய்த் தாளாக இருக்கட்டும். விடியற்காலை நாலு மணிக்கு டீக்கடைக்காரரிடம் 500 ரூபாய் நீட்டினால் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்! “சில்லறை இல்லையா? அப்ப திரும்பி வரும்போது குடுங்க” என்பார். திரும்பி வரும்போது நாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்போம். ஜிபே இருக்கிறதே என்பீர்கள். போனில் சார்ஜ் இருக்க வேண்டுமே. இரண்டாம் நாளிலிருந்து எல்லாரும் சார்ஜ் போட இடம் தேடித்தான் அலைவார்கள். சில கடைகளில் அதற்கும் பத்து, இருபது வாங்குகிறார்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர்ச் செலவை மட்டும் குறைக்காதீர்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் நடந்து, திண்டுக்கல் வருவதற்குள் சுருண்டு விழுந்தவர்களை எங்கள் குழுவிலேயே பார்த்திருக்கிறேன். கட்டணக் கழிப்பறை, குளியலுக்கு என்று நாளுக்கு ஒரு 30 ரூபாய் வேறு பையில் போட்டுவையுங்கள். சாப்பாட்டுப் பையிலிருந்து எடுக்க ஆரம்பித்தால் கணக்கு குழம்பிவிடும்.

பையனுக்கு: கொடுக்கிற பொட்டலம் எல்லாவற்றையும் வாங்கக்கூடாது என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். கை நீட்டி வாங்கிவிட்டு, ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, சாலையோரம் வீசிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராத்திரி முழுக்க முழித்துச் சமைத்தவர் அங்கேயேதான் நிற்கிறார்.

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரை இருக்கிறது, மாத்திரை மட்டும், ஊசி இல்லை. வருடா வருடம் நடப்பவர், நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டார். பந்தலில் எல்லாமே சாதம்தான். அவருக்குத் தனியாக எவ்வளவு ஒதுக்குவது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: முதலில் அவருடைய டாக்டரைப் பார்த்து, இத்தனை கிலோமீட்டர் நடக்கப்போகிறார் என்று சொல்லி, மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கவும் செய்யும். சட்டைப் பையில் நாலு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். அது அவருக்கு மருந்து, பேரனுக்குக் கொடுத்துவிடக்கூடாது.

செலவு என்று பார்த்தால், மேலே சொன்னதற்கு மேல் நாளுக்கு 80 முதல் 100 ரூபாய் போதும். வீட்டிலிருந்தே வறுத்த கடலை, பொட்டுக்கடலை ஒரு கிலோ கட்டிக்கொடுங்கள். வழியில் கம்பங்கூழ் வண்டி கண்ணில் பட்டால் விடாதீர்கள், மோர் ஊற்றி ஒரு சொம்பு 20, 30 ரூபாய்க்குள்தான் இருக்கும். இரண்டு மிளகாய் வற்றலும் தருவார்கள். பந்தலில் சாதம் பாதி, காயும் குழம்பும் கூடக் கேட்டால் போடுவார்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம். நத்தம் தாண்டியதும் சிறுமலை வாழைப்பழம் ஆசை காட்டும். அளவில் சிறிது, விலையில் பெரிது. அவருக்கு ஒன்று போதும்.

பட்ஜெட்டில் இல்லாத ஒன்று: வெறுங்காலில் நடக்கிறேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் நீங்களும் பிடியுங்கள். சர்க்கரைக்காரருக்குக் காலில் முள் குத்தினாலும் சில சமயம் தெரியாது. நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள், தினமும் ராத்திரி பாதத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் 25 பேர். பங்குனி உத்திரத்துக்குச் சொந்தச் சமையலோடு, குட்டியானையில் பாத்திரம் ஏற்றிக்கொண்டு கிளம்பலாம் என்று நினைக்கிறோம். ஆளுக்கு எவ்வளவு வசூலிப்பது?
– இளைஞர் குழு, திருமயம்

பதில்: சாமான்களுக்கு மட்டும் ஒரு நாள் கணக்கைத் தருகிறேன். உங்கள் ஊர்க் கடை விலையை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள். நடக்கிறவன் வீட்டில் சாப்பிடுகிறவனைவிட அதிகம் சாப்பிடுவான், அதனால் இரண்டு வேளைக்கு அரிசி எட்டு கிலோ, 480. பருப்பு ஒன்றரைக் கிலோ, 210. காய்கறி பத்து கிலோ, 400. தயிர் ஐந்து லிட்டர், 350. எண்ணெய் ஒரு லிட்டர் 150. புளி, மிளகாய், மசாலா 150. காலை உப்புமாவுக்கு ரவை மூன்று கிலோ 150. இரண்டு வேளை டீக்குப் பால் ஐந்து லிட்டரும் தூளும் சர்க்கரையுமாக 350. கடைக்கான பெரிய சிலிண்டர் மூன்று நாள் வரும் என்று வைத்தால் நாளுக்கு 600. கூட்டினால் 2,840. ஆளுக்கு ஏறக்குறைய 114 ரூபாய். நீங்கள் 130 வசூலியுங்கள், தயிர் திரிந்துபோகிற நாளும் வரும். சமையல்காரர் கூலி, வண்டி வாடகை, டீசல் எல்லாம் இதில் சேராது, அது தனிச் சீட்டு.

பங்குனி வெயிலில் தயிரை அன்றன்றைக்கு வாங்குங்கள். வண்டி முன்னால் போய் நிற்கவேண்டிய இடத்தை முந்தின நாளே பேசிவிடுங்கள். விழாச் சமயத்தில் பழனி ஊருக்குள் வண்டியை விடமாட்டார்கள், வெளியிலேயே நிறுத்தச் சொல்வார்கள். ஆகையால் கடைசி நாள் சமையலை ஆயக்குடிப் பக்கமே முடித்துக்கொள்வது நல்லது. அங்கே கொய்யாவும் கூடை கூடையாகக் கிடைக்கும், அன்றைக்குச் சாயங்காலப் பலகாரச் செலவு மிச்சம்.

அப்புறம், திண்டுக்கல்லைத் தாண்டும்போது பிரியாணி வாசனை வரும். விரதத்தில் இருக்கும் இருபத்தைந்து இளைஞர்களுக்கு அதுதான் பெரிய சோதனை. அந்த இடத்தில் ஓய்வு வைக்காதீர்கள்.

கேள்வி: விழா இல்லாத நாளில், தனியாக, கூட்டமில்லாமல் நடக்க ஆசை. உங்கள் கணக்குப்படி ஆளுக்கு நாளுக்குச் சராசரியாக 150 ரூபாய் வருகிறது, அப்போதும் அது போதுமா?
– வாசகர், புதுக்கோட்டை

பதில்: போதாது. அப்போது பந்தல் இருக்காது, டீக்கடையும் ஓட்டலும்தான் கதி. காலை டிபன் 60, மதியச் சாப்பாடு 110, இரவு 70, டீ மூன்று 45, தண்ணீர் 40, பழம் 30 என்று 355 வரும். சின்ன ஊர்களில் எல்லாக் கடையிலும் மதியச் சாப்பாடு கிடைக்காது. காலையில் டிபன் சாப்பிடும்போதே நாலு இட்லி பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பொடி, எண்ணெய் போதும், சட்னி வேண்டாம், ஊசிப்போகும்.

திண்டுக்கல்லில் அம்மா உணவகத்தில் ஒரு வேளை முடித்தால் செலவு குறையும், இட்லி ஒரு ரூபாய்தான். பழனி மலைமேல் 2012-லிருந்து நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. விழா இல்லாத நாளில் வரிசை சின்னதாக இருக்கும், நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாம். அங்கே உண்டியலில் உங்களால் முடிந்ததைப் போடுங்கள்.

பஞ்சாமிர்தத்தை மட்டும் சாப்பாட்டுக் கணக்கில் எழுதாதீர்கள். அது சொந்தக்காரர்கள் கணக்கு. எத்தனை வீடு என்று கிளம்பும் முன்பே எண்ணி, அந்தப் பணத்தைப் பஸ் காசோடு சேர்த்து முடிந்துவையுங்கள்.