குட்டிச்சாத்தானுக்கு 150 ரூபாய் கண்ணாடி வேண்டாம்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சின்ன வயதில் கிருஷ்ணகிரி தியேட்டரில் கண்ணாடி போட்டுக்கொண்டு 'மை டியர் குட்டிச்சாத்தான்' பார்த்தேன். இப்போது பென் டிரைவில் வாங்கிப் பிள்ளைகளுக்குப் போட்டால், தட்டையாக, மங்கலாக இருக்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிவப்பு நீலக் கண்ணாடி போட்டால் 3டி தெரியும் என்கிறார் கடைக்காரர். ஒன்று 150 ரூபாய். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். 1984-இல் ஜிஜோ இயக்கிய அந்தப் படம்தான் இந்தியாவின் முதல் 3டி படம். அன்று நீங்கள் போட்டது சிவப்பு நீலக் கண்ணாடி அல்ல, போலராய்டு கண்ணாடி. திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும் இரண்டு படங்களை ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்கும். அதற்கு வெள்ளித் திரை, அதாவது வெள்ளி நிறப் பூச்சு உள்ள திரை வேண்டும். வெள்ளைத் திரையில் அந்த ஒளி கலைந்துவிடும். உங்கள் பென் டிரைவில் இருப்பது ஒரு கண்ணுக்கான படம் மட்டுமே. மற்ற கண்ணின் படமே இல்லாதபோது கண்ணாடி எதைப் பிரிக்கும்?

மங்கலுக்கும் ஒரு காரணம் உண்டு. பிலிமில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு படங்களை மேலும் கீழுமாக அடக்கினார்கள். ஒரு கண்ணுக்குப் பாதிக் கட்டம்தான். அதைப் பெரிய டிவியில் விரித்தால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும்.

'3டி-க்கு மாற்றித் தருகிறோம்' என்பவர்களிடம் இன்னும் கவனமாக இருங்கள். ஒரு கண்ணின் படத்தைக் கொடுத்து, மற்றதைக் கம்ப்யூட்டரையே ஊகிக்க வைக்கிறார்கள். ஆட்கள் அட்டையில் வெட்டி நிறுத்தியது போல இருப்பார்கள். கடையிலேயே கண்ணாடி இல்லாமல் படத்தைப் பாருங்கள். உருவங்களின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் விலகித் தெரியாவிட்டால் சிவப்பு நீலக் கண்ணாடிக்கு அங்கே வேலையே இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் சிலர் 3டி டிவி வாங்கினார்கள். ரிமோட்டில் 3டி பொத்தான் இருக்கும். அது இருந்தால் மட்டும் போதாது. ஃபைலில் இரண்டு கண்ணின் படங்களும் பக்கத்தில் பக்கத்திலோ மேலும் கீழுமாகவோ இருக்க வேண்டும். கண்ணாடியும் அந்த டிவிக்கு உரியதாக இருக்க வேண்டும். பேட்டரி போடும் கண்ணாடி ஒரு வகை, போடாதது வேறு வகை, ஒன்றுக்கு மற்றது உதவாது. மூன்றும் சேர்ந்தால்தான் 3டி. ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

கிருஷ்ணகிரியில் வருடா வருடம் மாங்கனிக் கண்காட்சி நடக்கிறது. அரசுத் துறைகள் வரிசையாக அரங்கு போடுகின்றன. நாட்டின் முதல் 3டி படத்தை வெள்ளித் திரை கட்டி ஒரே ஒரு மாலை காட்டலாமே! எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்க ஆளில்லை.

அப்புறம், பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் பாட்டை மட்டும் மறுபடி போடுங்கள். அதற்கு 3டி தேவையில்லை. கலை இயக்குநர் கே. சேகர் ஓர் அறையையே சுழலும்படி கட்டினார். காமிராவை அறையோடு பிணைத்ததால் அதுவும் கூடவே சுற்றியது. பிள்ளைகள் எப்போதும் அடியில்தான் நடந்தார்கள்; படத்தில் அறை அசையாமல் அவர்கள் சுவரில் ஏறுவது போலத் தெரிந்தது. ஒரு அட்டைப் பெட்டிக்குள் கோலிக்குண்டைப் போட்டு, போனை வாய்ப்புறத்தில் கட்டி, வீடியோவை ஓடவிட்டுப் பெட்டியை மெதுவாக உருட்டுங்கள். கோலி கூரையில் ஓடுவதை உங்கள் பிள்ளைகளே எடுத்துப் பார்க்கலாம்.